முந்திக்கொண்ட பெயர்கள்: பதிவேடு, முகவரி, அதிகாரம் குறித்துச் சில குறிப்புகள்

1997இன் நடுப்பகுதியில் ஒருவர் 'தமிழ்நெட்' என்று சொன்னால் எந்தத் தமிழ்நெட் என்று திருப்பிக் கேட்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டு மே மாதம் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி, டான் டின் வீ முதலியோர் முன்னின்று நடத்திய கணினித்தமிழ்க் கருத்தரங்கிற்குப் பெயர் 'தமிழ்நெட் 97'. மலேசியத் தமிழரான பாலா பிள்ளை ஆஸ்திரேலியாவிலிருந்து நடத்திய மின்னஞ்சல் குழுவின் முகவரி 'தமிழ் புள்ளி நெட்'. ஈழத்துச் செய்திகளை ஆங்கிலத்தில் தருவதற்காக அதே ஆண்டில் தொடங்கப்பட்ட தளம் 'தமிழ்நெட் புள்ளி காம்'. புள்ளி எங்கே விழுகிறது என்பதைப் பொறுத்து நீங்கள் ஒரு பல்கலைக்கழக அரங்கிலோ, புலம்பெயர்ந்த பொறியாளர்களின் வாதப் பிரதிவாதத்திலோ, ஒரு போரின் நடுவிலோ போய் நிற்பீர்கள்.

இதை வேடிக்கையான தற்செயல் என்று ஒதுக்கிவிட முடியவில்லை. மூன்றுமே வரலாறு செய்த பெயர்கள். மின்னஞ்சல் குழுவில் நடந்த பேச்சுகளிலிருந்துதான் கல்யாணசுந்தரத்தின் மதுரைத் திட்டம் 1998 பொங்கலன்று உருவாயிற்று. கருத்தரங்கு 1999 பிப்ரவரியில் சென்னையில் 'தமிழ்நெட் 99' என்று அரசின் ஆதரவோடு மறுபடி கூடி, இன்றைக்கும் பலர் தட்டிக்கொண்டிருக்கிற 'தமிழ் 99' விசைப்பலகையை நமக்குக் கொடுத்துவிட்டுப் போயிற்று. செய்தித்தளத்தின் கதை வேறு. அதன் ஆசிரியர்களில் ஒருவராக இருந்த சிவராம் 2005 ஏப்ரலில் கொழும்பில் கடத்திக் கொல்லப்பட்டார். 2007 ஜூனில் இலங்கையின் இணைய நிறுவனங்கள் அந்தத் தளத்தை மறித்தன. பெயர் அவர்களிடம்தான் இருந்தது. பெயருக்குப் போகிற பாதைதான் இல்லை.

2000இல் சிங்கப்பூரில் மறுபடி கூடியபோது மாநாட்டின் தலைப்பு 'தமிழ் இணையம் 2000' என்றாகியிருந்தது. மாநாட்டுக்குப் பெயர் மாற்றினால் குடி ஒன்றும் முழுகிப்போகாது. கூடிக் கலைகிற பந்தல்தானே. முகவரிக்கு அந்த வசதி கிடையாது. அது ஒரு நேரத்தில் ஒருவரிடம் மட்டுமே இருக்க முடியும், உலகம் முழுவதற்கும் ஒன்று மட்டுமே இருக்க முடியும். தமிழ்ச் சமூகம் இதுவரை பழகியிராத ஒரு நிபந்தனை இது. இதன் வரலாற்றை யோசிக்கும்போது, புதிது எது, பழையது புது வேட்டி கட்டி வந்திருப்பது எது என்று பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

நான் இருக்கும் அஞ்சுகிராமத்தையே எடுத்துக்கொள்வோம். அகஸ்தீஸ்வரம் தாலுகாவில், நெல்லை மாவட்ட எல்லையை ஒட்டிக் கிடக்கிற ஊர். 'ஐந்து' என்ற எழுத்துத்தமிழ் வடிவத்தை விட்டுவிட்டு 'அஞ்சு' என்ற பேச்சு வடிவத்தையே அரசாங்க முத்திரைவரை கொண்டுபோய்ச் சேர்த்த ஊர் என்பதில் எனக்கு ஒரு சின்னப் பெருமை உண்டு. இந்தப் பக்கத்தில் எத்தனை முத்தாரம்மன் கோயில்கள் என்று எண்ண ஆரம்பித்தால் விரல் போதாது. கொடைக்குப் போகிறேன் என்று ஒருவர் சொன்னால் அடுத்தவர் கேட்பது, "எந்த ஊரு முத்தாரம்மன்வே?" அவ்வளவுதான். 'நான்தான் மூல முத்தாரம்மன், மற்றவள் பெயரை மாற்றிக்கொள்ளட்டும்' என்று எந்த அம்மனும் வழக்குப் போட்டதில்லை. அய்யாவழியின் நிழல்தாங்கல்களும் அப்படியே. பெயர் பொது. ஊர் அதைப் பிரித்துக் காட்டும். தபால் கார்டிலும் இதே முறைதான்: இன்னார், இன்ன தெரு, இன்ன ஊர், இன்ன ஊர் வழி. குறிப்பிட்டதிலிருந்து பொதுவானதை நோக்கிப் போகிற வரிசை.

இதில் சுவாரஸ்யம் என்னவென்றால், இணைய முகவரி முறையை உருவாக்கியவர்கள் கண்ட கனவும் ஏறக்குறைய இதுதான். 1983க்கு முன் கணினிகளின் பெயர்கள் ஒரே ஒரு கோப்பில் இருந்தன. ஸ்டான்ஃபோர்ட் ஆராய்ச்சி நிறுவனத்தில் எலிசபெத் ஃபெய்ன்லரின் குழு அதைப் பராமரித்தது. புதிய கணினிக்குப் பெயர் வேண்டுமானால் அவர்களிடம் சொல்லி எழுதிக்கொள்ள வேண்டும். நம்ம ஊர்க் கணக்குப்பிள்ளை வீட்டுத் திண்ணை என்று வைத்துக்கொள்ளுங்கள். கணினிகள் பெருகியதும் ஒரு கோப்பு தாங்கவில்லை. 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் வகுத்த புதிய முறையில் பெயரைப் புள்ளிகளால் அடுக்கடுக்காகப் பிரித்தார்கள். ஒவ்வொரு புள்ளியும் ஒரு 'வழி'. அந்தந்த அடுக்கில் ஒரு பெயர் ஒருமுறைதான் வரவேண்டும். வேறு அடுக்கில் அதே பெயர் வந்தால் மோதல் இல்லை. எல்லா ஊரிலும் ஒரு முத்தாரம்மன் இருக்கலாம் என்பதற்கான ஏற்பாடு.

அந்த ஏற்பாடு ஏன் குலைந்தது? தொழில்நுட்பத்தால் அல்ல, சந்தையால். எல்லோரும் ஊரை விட்டுவிட்டுச் சந்தைக்கே குடிபோக நினைத்தார்கள். வணிகத்துக்காக ஒதுக்கிய 'காம்' என்ற ஒரு அடுக்கில் உலகத்துப் பெயர்கள் அத்தனையும் வந்து நெருக்கின. அந்த அடுக்கின் முதல் பெயர் 1985 மார்ச் 15இல் பதிவாயிற்று. பத்தாண்டுகள் பதிவு இலவசம். 1995 செப்டம்பரில் நெட்வொர்க் சொல்யூஷன்ஸ் என்ற நிறுவனம் இரண்டு ஆண்டுக்கு 100 டாலர் என்று கட்டணம் வைத்தது. அதற்கு ஓராண்டு முன்பே, 1994இல், ஜோஷுவா குவிட்னர் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் மெக்டொனால்ட்ஸ் நிறுவனத்துக்குப் போன்போட்டு 'உங்கள் பெயர் வெறுமனே கிடக்கிறதே, எடுத்துக்கொள்ளவில்லையா' என்று விசாரித்திருக்கிறார். அவர்களுக்கு விஷயமே பிடிபடவில்லை. இவர் தன் பெயரில் பதிந்துகொண்டு அதையே கட்டுரையாகவும் எழுதிவிட்டார். கடைசியில் ஒரு பள்ளிக்கூடத்தின் கணினி வசதிக்கு 3,500 டாலர் கொடுத்துவிட்டுத்தான் நிறுவனம் தன் பெயரை வாங்கிக்கொண்டது. முப்பது ஆண்டு கழித்து, 2024 அக்டோபரில், ஜியோவும் ஹாட்ஸ்டாரும் இணையப்போகின்றன என்ற பேச்சு கிளம்பியபோது, இரண்டு பெயரையும் சேர்த்து முன்கூட்டியே பதிந்து வைத்திருந்தவர் டெல்லியைச் சேர்ந்த ஒரு மென்பொருள் இளைஞர். தன் மேற்படிப்புச் செலவை நிறுவனம் ஏற்க வேண்டும் என்று அவர் கேட்டார். இந்த இரண்டு கதையையும் கேட்கும்போது நமக்கு ஒரு குறும்பு மகிழ்ச்சி வருகிறது. பெரியவன் வழுக்கி விழுந்தால் வருகிற மகிழ்ச்சி. இதில் மயங்கி இம்முறை எளியவனுக்குச் சாதகமானது என்று முடிவுகட்டுவதற்கில்லை.

ஏனெனில் முந்துவது என்பதே ஒரு தொழிலாக மாறியது. 'வெறும் பெயர்'களை ஆயிரக்கணக்கில் வளைத்துப்போட்டு விற்பவர்கள் வந்தார்கள். ஐந்து நாளுக்குள் பெயரைத் திருப்பிக் கொடுத்தால் பணம் வாபஸ் என்ற சலுகையைப் பயன்படுத்தி, இலட்சக்கணக்கான பெயர்களை ஓசியில் எடுத்து ருசி பார்த்துவிட்டுத் துப்புகிறவர்கள் வந்தார்கள். 2008 ஜனவரியில் இன்னும் ஒன்று வெளிப்பட்டது. நெட்வொர்க் சொல்யூஷன்ஸ் தளத்தில் யாராவது ஒரு பெயர் காலியாக இருக்கிறதா என்று தேடிப் பார்த்தாலே போதும், நிறுவனம் அதை நான்கு நாளுக்குத் தானே எடுத்து வைத்துக்கொள்ளும். தேடியவர் வேறெங்கும் போய்ப் பதிய முடியாது. வாடிக்கையாளர்களைப் பாதுகாக்கவே அப்படிச் செய்ததாக நிறுவனம் விளக்கம் சொன்னது. வழக்கும் நடந்தது. விருப்பத்தை வெளியே சொன்ன மாத்திரத்தில் விரும்பிய பொருள் கைமாறிவிடுகிறது. ஆசையைப் பற்றி எழுதிய கோட்பாட்டாளர்கள்கூட இவ்வளவு துல்லியமான எந்திரத்தைக் கற்பனை செய்திருப்பார்களா என்பது சந்தேகம்.

எங்களுக்கும் இப்படி ஒன்று நடந்தது. நின்றுபோன சிறுபத்திரிகைகளின் பழைய இதழ்களை வருடிப் போடுவதற்கு நண்பர்கள் நான்குபேர் ஒரு தளம் தொடங்க நினைத்தோம். பெயர் ஒரு நாஞ்சில்நாட்டு வயல்சொல். புதன்கிழமை இரவு தேடியபோது காலி என்று காட்டியது. சனிக்கிழமை பணம் கட்டப் போனால் யாரோ எடுத்தாயிற்று. பக்கத்தைத் திறந்தால் 'இப்பெயர் விற்பனைக்கு' என்ற ஒற்றை வரி, அதற்கு நாங்கள் ஓராண்டு பத்திரிகை நடத்துகிற அளவுக்கு ஒரு விலை. "நம்ம சொல்லு அவனுக்கு எதுக்குவே?" என்று நண்பர் ஒருவர் ஆத்திரப்பட்டார். எடுத்தவருக்கு அந்தச் சொல்லின் பொருள் தெரிந்திருக்க வேண்டியதே இல்லை. ஆறு எழுத்து, நடுவில் உயிர் வருகிறது, உச்சரிக்க முடிகிறது, அது போதும். குறிப்பான் மட்டும் சரக்கு. குறிப்பீடு கழற்றி எறியப்பட்ட தோல். நவீனக் கோட்பாட்டை எம்.ஏ. வகுப்பில் மல்லுக்கட்டிப் படித்தபோது பிடிபடாத ஒரு விஷயம் அந்த ஒற்றை வரியில் பிடிபட்டது.

சிறுபத்திரிகை என்றதும் ஒரு கிளைக்கதை. அச்சுலகத்திலும் பெயர்ப்பதிவு உண்டு. 1867ஆம் ஆண்டுச் சட்டம் நீண்டகாலம் ஆண்டது. 2023இல் இயற்றிய புதிய சட்டம் 2024 மார்ச்சிலிருந்து அதன் இடத்தைப் பிடித்திருக்கிறது. பழைய சட்டத்தின்படி, ஒரே மொழியிலோ ஒரே மாநிலத்திலோ இரண்டு பத்திரிகைகளுக்கு ஒரே தலைப்போ ஒத்த தலைப்போ கூடாது. வேறு மொழி, வேறு மாநிலம் என்றால் இருக்கலாம். அதாவது, காலனிய அரசின் வழியில் வந்த பதிவேடுகூட மொழியையும் நிலத்தையும் வேலியாக ஒத்துக்கொண்டது. வணிகமுத்திரைச் சட்டம் சரக்கை வேலியாகக் கொள்கிறது. 45 வகுப்புகள் உண்டு, பீடிக்கும் பம்புசெட்டுக்கும் ஒரே பெயர் இருந்தால் பெரும்பாலும் பாதகமில்லை. 'காம்' அடுக்கில் எந்த வேலியும் கிடையாது. நம் சிறுபத்திரிகைகளோ பதிவேட்டுக்கு வெளியிலேயே காலம் தள்ளிய மரபு. 'தனிச்சுற்றுக்கு மட்டும்' என்று அட்டையில் ஒரு வரி போட்டுவிட்டால் டெல்லிக்கு எழுதித் தலைப்பு வாங்க வேண்டிய பாடு இல்லை. அந்த வரியைப் பலர் அடக்கம் என்று புரிந்துகொண்டிருக்கிறார்கள். எனக்கென்னவோ அது பெயரைப் பதியாமலே பெயரை வாழவைக்கிற தந்திரம் என்றுதான் படுகிறது. இணையத்தில் தனிச்சுற்று கிடையாது.

*

இந்தியாவில் நீதிமன்றங்கள் இதை எப்படி எதிர்கொண்டன என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 1999 பிப்ரவரியில் டெல்லி உயர்நீதிமன்றம் யாஹூ வழக்கில் தீர்ப்பளித்தது. 'யாஹூஇந்தியா' என்று பதிந்திருந்தவர்களின் வாதம், யாஹூ என்பது அகராதியில் உள்ள பொதுச்சொல், யாருக்கும் சொந்தமில்லை என்பது. சொல்லப்போனால் அது 1726இல் ஜொனதன் ஸ்விஃப்ட் கலிவரின் பயணங்களில் உண்டாக்கிய சொல். அவருடைய வாரிசுகளை யாரும் கேட்கவில்லை. நீதிமன்றம் அமெரிக்க நிறுவனத்தின் பக்கம் நின்றது.

நமக்கு நெருக்கமானது இன்னொரு வழக்கு. சென்னையில் தலைமையிடம் கொண்டிருந்த சத்யம் இன்ஃபோவே நிறுவனம் தன் பெயரின் உறுப்புகளைச் சேர்த்து 'சிஃபி' என்ற சொல்லைக் கட்டியது. 1999இல் அதையொட்டிய பல முகவரிகளைப் பதிந்துகொண்டது. பெயர்களின் விலை அறிந்த நிறுவனம்தான். அதே 1999 நவம்பரில் 'சமாச்சார்', 'கோஜ்', 'கேல்', 'பாவர்ச்சி' முதலிய முகவரிகளை வைத்திருந்த இந்தியாவேர்ல்டை 499 கோடி ரூபாய்க்கு வாங்க ஒப்பந்தம் செய்தது. செய்தி, தேடு, விளையாட்டு, சமையல்காரர். (சமாச்சாரம் என்பது எங்கள் பாட்டி தினமும் பத்துத் தடவை சொல்லுகிற சொல். அவளுக்கு யாரும் சல்லிக்காசு கொடுத்ததில்லை.) பிறகு 2001இலும் 2002இலும் 'சிஃபிநெட்' என்ற ஒலியில் ஒரு எழுத்து கூட்டி வேறொரு நிறுவனம் இரண்டு முகவரிகளைப் பதிந்தது. சத்யம் வழக்குத் தொடுத்தது. எதிர்த்தரப்பு சொன்ன விளக்கம் எனக்கு மிகவும் பிடித்தமானது: இது யாரையும் பார்த்து எழுதியதல்ல, எங்கள் நிறுவனத்தைத் தொடங்கிய ஐந்துபேரின் முதலெழுத்துகள். ஐந்து கிராமம் சேர்ந்து ஒரு பெயரானால் ஐந்து ஆட்கள் சேர்ந்து ஒரு பெயராகக் கூடாதா என்று கேட்டால் அஞ்சுகிராமத்துக்காரன் என்ன பதில் சொல்ல முடியும்?

பெங்களூர் உரிமையியல் நீதிமன்றம் சத்யத்துக்குத் தடையுத்தரவு தந்தது. கர்நாடக உயர்நீதிமன்றம் அதை நீக்கியது. 2004 மே 6இல் உச்சநீதிமன்றம் மறுபடி சத்யம் பக்கம் தீர்ப்பளித்தது. முதலெழுத்து விளக்கத்தை நீதிபதிகள் நம்பவில்லை. தீர்ப்பின் முக்கியத்துவம் வேறு இடத்தில் இருக்கிறது. இணைய முகவரிகளுக்கென்று இந்தியாவில் தனிச்சட்டம் இல்லை என்றாலும், முகவரி என்பது வெறும் விலாசமாக இல்லாமல் வணிக அடையாளமாக வளர்ந்துவிட்டதால், பிறர் பெயரில் தன் சரக்கை விற்பதைத் தடுக்கிற பழைய சட்டக் கோட்பாடு இதற்கும் செல்லும் என்றது. அதற்கு அடிப்படை, யார் முதலில் பதிந்தார் என்பதைவிட யார் முதலில் புழங்கி நற்பெயர் ஈட்டினார் என்பது. நிலத்தகராறு தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. பட்டா ஒருவர் பெயரில், 'ஆண்டு அனுபவித்து' வருவது இன்னொருவர். நம் கிரயப் பத்திரங்கள் இரண்டையும் எழுதிவைக்கும். பதிவுக்கு எதிராக அனுபோகத்தை நிறுத்திய தீர்ப்பு என்று இதைப் படிக்கலாம்.

ஆனால் எந்த அனுபோகம்? சந்தையில் புழங்கிய அனுபோகம். நூறாண்டாக வயலில் புழங்கிய சொல்லுக்கு இந்தத் தீர்ப்பில் இடமில்லை. நாங்கள் இழந்த சொல்லை எடுத்துக்கொண்டு எந்த நீதிமன்றத்துக்கும் போக முடியாது. அது எங்களுடைய சொல் என்பதே காரணம். வழக்குப் போட வேண்டுமென்றால் அது என்னுடையதாக மட்டும் இருந்திருக்க வேண்டும்.

*

இந்த இடத்தில் ஒரு சறுக்கல் வரக்கூடும். பழைய உலகத்தில் பெயர்கள் பொதுவாக இருந்தன, முத்தாரம்மனும் முத்தாரம்மனும் சண்டை போடவில்லை, முதலாளித்துவம் வந்து கெடுத்துவிட்டது என்று ஒரு சோகக் கதையாடலை அவிழ்த்துவிடலாம். நாஞ்சில்நாட்டு வரலாறு அதற்கு இடம் தராது. அம்மன்களுக்குத்தான் பெயர் பொது. மனுசனுக்கு அப்படி இருக்கவில்லை.

அஞ்சுகிராமத்திலிருந்து அதிக தூரமில்லை சாமித்தோப்பு. அங்கே 1809 வாக்கில் பிறந்த ஒரு குழந்தைக்குப் பெற்றோர் இட்ட பெயர் முடிசூடும் பெருமாள். கீழே வைக்கப்பட்ட சாதியில் பிறந்த பிள்ளைக்கு முடியும் பெருமாளுமா என்று மேல்சாதியார் எதிர்க்க, பெயர் முத்துக்குட்டி என்று மாற்றப்பட்டதாக வைகுண்டசாமியின் வரலாற்றை எழுதியவர்கள் பலரும் குறிப்பிடுகிறார்கள். எந்த ஏட்டிலும் எழுதும் முன்பே பறிபோன பெயர் அது. அந்தப் பெயரை வேறு யாரும் வைத்திருக்கவில்லை, காலியாகத்தான் கிடந்தது. ஆனாலும் கிடைக்காது. தேடினால் 'இல்லை' என்று பதில் சொல்வது எந்திரமல்ல, ஊர். 1833இல் திருச்செந்தூர்க் கடலிலிருந்து திரும்பியவர் முத்துக்குட்டி அல்ல, வைகுண்டர் என்பது அவர்வழி வந்தோரின் நம்பிக்கை. ஒரு கோட்பாட்டு வாசகனாக நான் இதை இப்படிப் படிக்கிறேன்: மறுக்கப்பட்ட பெயருக்குப் பதிலாக, எந்தப் பதிவேட்டிலும் இடம் கேட்க வேண்டியிராத பெயரை அவர் எடுத்துக்கொண்டார். திருவிதாங்கூர் அரசு அவரைப் பிடித்துச் சிறையில் வைத்ததற்கு வேறு காரணங்களும் உண்டு. பெயர் அவற்றில் சின்னதல்ல.

அதே அரசு இன்னொரு பக்கம் பெயர்களை வழங்கிக்கொண்டும் இருந்தது. மார்த்தாண்டவர்மா காலத்திலிருந்து (1729-1758) 'செண்பகராமன்' என்பது அரசர் கொடுக்கிற பட்டம். பெற்றவர் அதைத் தன் பெயரோடு சேர்த்து எழுதிக்கொள்ளலாம். பெறாதவர் எழுத முடியாது. இதற்கு நேர் எதிர்க்கோடியில் அழகியபாண்டியபுரம் முதலியார் வீட்டு ஓலைகள். அ.கா. பெருமாள் பதிப்பித்த அந்த ஓலைகளில் ஆளை விலைக்கு விற்ற ஆவணங்களும் உண்டு. கீழ்க்கோடியில் இருந்தவர்கள் எழுத்துக்குள் நுழைந்தது விற்பனைப் பொருளாக. திருவிதாங்கூரில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1855இல். பத்தாண்டு கழித்து, 1865இல், பண்டாரப்பாட்ட விளம்பரம் அரசு நிலத்துக் குடியானவர்களை நிலத்துக்கு உரிமையாளர்கள் ஆக்கியது. இந்தியச் சீர்திருத்தங்களில் அது முன்னோடி என்று புகழ்வார்கள், தவறில்லை. ஏட்டில் பெயர் இருந்தவர் நிலத்தைப் பெற்றார். சேற்றில் இறங்கி உழுதவருடைய பெயர் பெரும்பாலும் ஏட்டில் இல்லை.

இதையெல்லாம் முன்னால் வைத்துப் பார்த்தால், 'முந்தியவருக்கு முதலில்' என்ற இணைய விதி ஒரு வகையில் விடுதலை. அது சாதி கேட்கவில்லை, குலம் கேட்கவில்லை. முடிசூடும் பெருமாள் என்று இன்றைக்கு யாரும் பதிந்துகொள்ளலாம், ஊர்கூடித் தடுக்க முடியாது. இதை மறைத்துவிட்டு அவ்விதியை விமர்சிப்பது நேர்மையாகாது. கேட்க வேண்டியது, வரிசையில் முன்னால் நிற்க யாரால் முடிந்தது என்பது. 1995 ஆகஸ்ட் 15 அன்று விதேஷ் சஞ்சார் நிகாம் இணையச் சேவையைத் தொடங்கியபோது நான்கு பெருநகரங்களில்தான் இணைப்பு இருந்தது. டாலரில் கட்டணம் கட்ட வேண்டும். இந்தியாவுக்கென்று இருந்த 'இன்' அடுக்கு 2004 முடியும்வரை கட்டுப்பாடுகளுக்குள் அடைந்து கிடந்தது. 2005இல் கதவு திறந்தபோதும் முதலில் உள்ளே விடப்பட்டவர்கள் வணிகமுத்திரை வைத்திருந்தவர்கள். அதற்கு 'சூரியோதயக் காலம்' என்று கவித்துவமாக ஒரு பெயர். பொதுமக்களுக்கு பிப்ரவரி 16இல் விடிந்தது.

*

முந்துவதில் தமிழ்ப் பெயர்களுக்கு உள்ள தனித்த சிக்கல், அவற்றை ரோமன் எழுத்தில் எப்படி எழுதுவது என்பது. அஞ்சுகிராமத்தில் 'ஞ்சு'வுக்கு 'ஜே' போடுவதா 'சிஹெச்' போடுவதா, 'கி'யில் 'ஐ' வருமா வராதா. நாஞ்சிலுக்கு ஒரு 'ஏ'யா இரண்டு 'ஏ'யா. தமிழ் என்ற சொல்லையே மூன்று விதமாக எழுதுகிறோம். ஒரு பெயரை முழுதாகக் கைக்கொள்ள வேண்டுமானால் நாலைந்து பெயர்களுக்குப் பணம் கட்ட வேண்டும். கட்டாமல் விட்டதை ஒருவர் எடுத்து வைத்துக்கொண்டு உங்கள் வாசகரை வழிமறிக்கலாம். எங்கள் மாவட்டத்தின் பெயரே எங்கும் ஒரு 'என்'னோடு எழுதப்படுகிறது, மாவட்ட நிர்வாகத்தின் தளமோ இரண்டு 'என்' போட்டு நடுவில் 'ஐ'யும் சேர்த்துக்கொள்கிறது. அதற்கும் முன்னால் வெள்ளைக்காரன் 'கொமோரின்' என்று பதிந்துவைத்திருந்தான். உண்மையில் காலனியக் கால வரைபடங்கள்தான் நம் ஊர்ப்பெயர்களை முதன்முதலாக வளைத்துப்போட்டவை. 2020 ஜூனில் தமிழக அரசு 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துமுறையைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப மாற்றி அரசாணை வெளியிட்டது. கோயம்புத்தூரும் தூத்துக்குடியும் எழுத்துக்கு எழுத்து நீண்டதைப் பார்த்துச் சனங்கள் சிரித்தார்கள். சில நாளிலேயே ஆணை திரும்பப் பெறப்பட்டது. மதராஸ் 1996இல் சென்னை ஆயிற்று. பல்கலைக்கழகத்தின் முகவரியில் அது இன்னும் மதராஸ்தான்.

எழுத்துச் சிக்கலுக்குத் தீர்வு தமிழ் எழுத்திலேயே முகவரி. சிங்கப்பூரில் டான் டின் வீ குழுவினர் தொண்ணூறுகளின் கடைசியில் இதற்கான சோதனைகளில் இறங்கியபோது தமிழும் அதில் இருந்தது. 2003இல் உலகளாவிய நெறிமுறை வந்தது. 2010 தொடங்கி 'இலங்கை', 'சிங்கப்பூர்', 'இந்தியா' என்ற மூன்று பெயர்கள் தமிழ் எழுத்தில் இணையத்தின் வேர்ப்பட்டியலில் ஏறின. மலேசியா தன் பெயரை ஜாவி எழுத்தில் ஏற்றிக்கொண்டது. தமிழில் ஏற்றவில்லை. 1958இல் வண்டிகளின் பதிவெண்ணில் சிங்கள 'ஸ்ரீ' எழுத்தைத் திணித்ததற்காகத் தார்ச்சட்டி தூக்கிய ஈழத்தமிழர்களின் நினைவோடு பார்த்தால், அதே அரசு 'இலங்கை' என்ற தமிழ் வடிவத்தை வேர்வரை கொண்டுபோனது கவனிக்கத்தக்கது. ஆனால் மூன்றும் அரசுகளின் பெயர்கள் என்பதையும் சேர்த்தே கவனிக்க வேண்டும். தமிழ் எழுத்து அங்கே போனது அரசுகளின் தோளில் ஏறி. வேரில் உண்மையாகப் பதிந்திருப்பதும் தமிழ் எழுத்தல்ல. 'எக்ஸ் என்' என்று தொடங்கும் ரோமன் எழுத்துக் கோவைதான். தமிழ் அதன்மேல் வாசிக்கக் காட்டப்படுகிற தோற்றம்.

அரசு அல்லாத ஒரு மொழிச் சமூகம் தனக்கென்று ஒரு அடுக்கைப் பெற முடியுமா? கட்டலோனியர்கள் பெற்றார்கள், 2005இல். நமக்கு? நாடுகளுக்கான ஈரெழுத்துகள் ஐ.எஸ்.ஓ. பட்டியலிலிருந்து வருபவை. அவ்வகையில் நம் வண்டிகளில் ஓடுகிற 'டிஎன்' இணையத்தில் துனிசியா. 2012இல் புதிய அடுக்குகளுக்கு விண்ணப்பம் கேட்டபோது கட்டணம் 1,85,000 டாலர். 2026 ஏப்ரலில் திறப்பதாக ஐகான் அறிவித்த அடுத்த சுற்றுக்கு 2,27,000 டாலர்.

2012 சுற்றில் நடந்த ஒன்று நமக்குப் பாடமாக வேண்டும். 'அமேசான்' என்ற அடுக்கைக் கேட்டு அந்தப் பெயருள்ள நிறுவனம் விண்ணப்பித்தது. ஆறு ஓடுகிற பிரேசிலும் பெருவும் எதிர்த்தன. 2014இல் மறுக்கப்பட்டது, 2017இல் மறுஆய்வுக் குழு நிறுவனத்துக்குச் சாதகமாகச் சொன்னது, 2019இல் ஐகான் ஒப்புக்கொண்டது, 2020இல் பெயர் நிறுவனத்தின் கைக்குப் போயிற்று. படகோனியாவைக் கேட்ட துணிக் கம்பெனி அர்ஜெண்டினாவும் சிலியும் எதிர்த்ததால் 2013இல் விலகிக்கொண்டது. வித்தியாசம் நியாயத்தில் இல்லை, விடாப்பிடியில்.

அமேசானுக்குத் தடையாக எந்தப் பட்டியலும் நிற்கவில்லை. நாடுகளின் பெயர்களுக்கும், அந்த ஐ.எஸ்.ஓ. பட்டியலின் இரண்டாம் பகுதியில் உள்ள மாநிலங்களின் பெயர்களுக்கும் காப்பு உண்டு. அரசின் ஒப்புதல் இல்லாமல் கேட்க முடியாது. ஆறுக்குக் கிடையாது. மலைக்கும் கிடையாது. இதன்படி பட்டியலில் எழுதியிருக்கிறபடியான தமிழ்நாடு பத்திரமாக இருக்கிறது. 'தமிழ்' என்பது ஒரு மொழியின் பெயர் மட்டுமே; பணம் கட்ட முடிந்த எவரும் வரிசையில் வந்து நிற்கலாம். தமிழக அரசோ, நம் பல்கலைக்கழகங்களோ, உத்தமம் போன்ற அமைப்புகளோ இதை யோசித்தாக வேண்டும். பொதிகை, தாமிரபரணி, பழையாறு எதுவும் அந்தப் பட்டியலில் இல்லை. நாஞ்சில்நாடு எந்தப் பட்டியலிலும் இல்லை. 1956 நவம்பர் 1 வரை அது இன்னொரு ராஜ்யத்தின் இரண்டு தாலுகாக்கள், அதற்குப் பிறகு ஒரு மாவட்டத்தின் கிழக்குப் பாதி.